வலிக்காத டாக்டர்

"வாயைத் தொறம்மா, ரெண்டே நிமிஷம்—"

"தொறக்க மாட்டேன்னா தொறக்க மாட்டேன், நீ முதல்ல அந்த டார்ச்சை அணை—"

"கன்னம் பந்து மாதிரி உப்பியிருக்கு, நீ என்னடான்னா கிராம்பைக் கடிச்சிக்கிட்டு—"

"அது தூக்கத்துல கையை மடக்கி வெச்சுப் படுத்தது—"

"கையை மடக்கி வெச்சா கன்னம் வீங்குமா? எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"உனக்குச் சொல்லிக் குடுத்த அதே காலேஜ்லதான். ஜன்னலைச் சாத்துடி. எதிர் வீட்ல ஆள் நிக்குது."

மகள் டார்ச்சை இறக்கினாள். சமையலறை என்பது பெயருக்குத்தான். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் அலமாரி நின்றதால் இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் படுக்கையறை என்று ஆகியிருந்தது. இருப்பது ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரே அடுத்த கட்டடத்தின் ஜன்னலில் ஒரு மனிதர் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் பார்த்தா பார்த்துட்டுப் போறார். அதுக்கென்ன?"

"பார்த்துட்டுப் போக மாட்டாங்க, எழுதிப் போட்டுடுவாங்க. உனக்குத்தான் இந்த ஊர்ல யார் பல்லையும் தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கே. என் பல்லால உன் விசா போச்சுன்னு ஒரு பேர் எனக்கு வேண்டாம்."

அம்மா சொல்லிவிட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? வந்து இறங்கிய நாள் முதல் ஒரு பக்கமாகவே மென்றது, காப்பியை ஆறவிட்டுக் குடித்தது, சிரிக்கும்போதெல்லாம் புறங்கையை வாய்க்குக் கொண்டுபோனது, எல்லாம் இதற்காகத்தான். பெற்ற தாய்க்குப் பல்வலி என்று தெரிந்தால் பல் டாக்டர் மகள் கையைக் கட்டிக்கொண்டா இருப்பாள்? தொடுவாள். தொட்டால் சட்டம் வரும். சட்டம் வந்தால் விசா போகும். அம்மா மகளை மகளிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

மகள் சிரித்தாள். கட்டிலில் போய் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. ஊசி போடுவதும் பிடுங்குவதும் அடைப்பதும்தான் இந்த ஊரில் கூடாது, பெற்றவள் வாயை எட்டிப் பார்ப்பதற்கு எந்த ஊரிலும் விலங்கு மாட்ட மாட்டார்கள் என்று விளக்கினாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், துடைத்த கையைப் பார்த்தபடியே, "இங்க வந்ததுலேர்ந்து ஒருத்தர் வாயைக்கூட நான் பார்க்கலைம்மா" என்றாள்.

அம்மாவோ, ஆபீசுக்கு நேரமாகிறது, கிளம்பு கிளம்பு என்று விரட்டிவிட்டாள்.

ஊரில் அவர்கள் வீட்டின் கீழ் அறைதான் மகளின் கிளினிக்காக இருந்தது. முன்பக்கம் நாலு நாற்காலி போட்ட சின்ன இடம், நடுவே ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் மகளும் மல்லாந்து படுக்கும் அந்தப் பெரிய நாற்காலியும். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மாவின் ராஜ்யம். வருகிறவர்களை வரிசைப்படுத்தி உட்காரவைப்பது, பேர் சொல்லிக் கூப்பிடுவது, வரிசையைத் தாண்டப் பார்ப்பவர்களை ஒரு பார்வையிலேயே உட்காரவைப்பது எல்லாம் அவள் வேலை. ஒரு நாளும் அவள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ரத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. ஆனால் உள்ளே நடப்பது அத்தனையும் அவளுக்குத் தெரியும், காதால். கொஞ்சம் பெருசா, அவ்வளவுதான், மூக்கால மூச்சு விடுங்க, முடிஞ்சுபோச்சு, துப்புங்க. கன்னத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, உங்க வீட்ல பூனை இருக்கா, என்ன கலர் பூனை என்று கேட்டுக்கொண்டே மகள் ஊசியைப் போட்டுவிடுவாள். ஊசி எப்போது போடப் போறீங்க என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது ஊசி குப்பைத் தொட்டியில் கிடக்கும். வலிக்காத டாக்டர் என்று பேர் வைத்ததே அந்தப் பிள்ளைகள்தான். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வாசலில் வந்து, வலிக்காத டாக்டர் இருக்காங்களா என்று கேட்கும்போது அம்மாவுக்கு உள்ளுக்குள் சர்க்கரை கரையும்.

அந்தச் சர்க்கரை போதவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது.

கல்யாண வீடுகளில் அவளுக்குச் சமமான பெண்கள் கூடி உட்காரும்போது பேச்சு நேராக வெளிநாட்டுக்குப் போய்விடும். என் பையன் அங்கே மேல்படிப்பு, என் மாட்டுப்பெண்ணும் அங்கேயே மேல்படிப்பு, படிப்பு முடிந்ததும் வேலை, வேலை கிடைத்ததும் நிரந்தரமாக இருக்க அனுமதி, அப்புறம் எங்களையும் கூப்பிட்டுக்கொள்வான். அதன் பிறகு இவள் பக்கம் திரும்பி, உங்க பொண்ணு இங்கேயேவா இருக்கா என்று கேட்பார்கள். காய்ச்சல் இன்னும் விடலையா என்று கேட்கிற குரலில் கேட்பார்கள். நாலைந்து கல்யாணம் பொறுத்தாள். பிறகு மகளை இழுத்துக்கொண்டு போய் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிற ஓர் ஆபீசில் உட்காரவைத்தாள்.

அங்கே இருந்தவர் கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். கோட்டுக்காரர் என்றே வீட்டில் பேர் நிலைத்துவிட்டது. பல் டாக்டர் பட்டம் அங்கே செல்லாது, மறுபடி பரீட்சை மேல் பரீட்சை எழுத வேண்டும், எழுதி முடிக்கும்போது தலை நரைத்திருக்கும், அதுவரை ஒரு பல்லையும் தொடக் கூடாது, தொட்டால் வம்பு என்று பயம் காட்டினார். பயம் காட்டிவிட்டு வழியும் காட்டினார். பொது சுகாதாரம் என்று ஒரு மேல்படிப்பு இருக்கிறது. பல் டாக்டர்களுக்கு அதில் சுலபமாக இடம் கிடைக்கும்.

"பல்லைப் பார்க்காதீங்கம்மா, பாதையைப் பாருங்க," என்றார். "படிப்புங்கறது கதவு மாதிரி. உள்ள போயிட்டா கதவை யார் பார்க்கப் போறா?"

அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், எனக்கு இங்க என்னம்மா குறை என்று கேட்டாள். குறை வருவதற்கு முன்னால் போக வேண்டும் என்று அம்மா பதில் சொன்னாள். சாமர்த்தியமான பதில் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று ஒரு கட்டுரை எழுதிக் கேட்டார்கள். மகள் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு பல்லாக அடைத்துக்கொண்டு ஒரு அறையில் முடங்கிக் கிடக்க எனக்கு விருப்பமில்லை, ஊருக்கே சொத்தை வராமல் தடுப்பதே என் கனவு என்று அதில் இருந்தது. அம்மா கண் கலங்கிவிட்டாள். இவ்வளவு பெரிய மனசா உனக்கு என்று கேட்டாள். இங்கு வந்த பிறகு ஒரு நாள் போனில் மகள் சொன்னாள்: "நான் எழுதின பொய்யை நானே ரெண்டு வருஷம் உட்கார்ந்து படிச்சேம்மா."

மகள் போன பிறகு பெரிய நாற்காலியின் மேல் பழைய போர்வையைப் போர்த்தி, கதவைப் பூட்டினார்கள். ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பார்கள். வெளிநாடு போயிட்டாங்க என்று சொல்லும்போது முதலில் பெருமையாக இருந்தது. கொஞ்ச நாளில் அதைச் சொல்லவே அலுத்துப்போனது. அப்புறம் யாரும் வரவில்லை. வீட்டில் சத்தம் நின்றுபோயிற்று. வீட்டுக்காரரோ செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிற மனிதர், பேச ஆள் இல்லை. அம்மா கீழே இறங்கி வந்து காலி நாற்காலிகளுக்கு நடுவே தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மேலே போவாள். கீழே என்ன பண்ணினே என்று அவர் கேட்டால், பல்லி இருந்தது, விரட்டினேன் என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் குட்டி டாக்டர் வந்தாள். மகளிடம் வேலை பழகிய பெண். முக்காலி போட்டு ஏறி நின்றால்தான் அவளுக்கு வேலை எட்டும், அதனால் குட்டி டாக்டர். அக்கா வர்ற வரைக்கும் இந்த இடத்துல நான் உட்காரட்டுமா என்று கேட்டாள். பாவம், அவள் கேட்டது ஒழுங்காகத்தான் கேட்டாள்.

"அவ எங்கடி வரப் போறா?" என்று சிரித்தாள் அம்மா. "நீ தாராளமா நடத்து."

அவர் வேண்டாம் என்றார், அவளிடம் ஒரு வார்த்தை கேள் என்றார். கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிற சந்தோஷத்தில் நாள் ஓடிவிட்டது. குட்டி டாக்டர் பல வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். நடுச்சுவரை இடித்தாள், புது நாற்காலி இறக்கினாள், பழையது காயலான் கடைக்குப் போயிற்று. வாசலில் அவள் பேர் போட்ட பலகை தொங்கியது. தன்னிடம் இருந்த பணம், புகுந்த வீட்டுப் பணம் எல்லாவற்றையும் அந்த அறையில்தான் கொட்டியிருந்தாள்.

மகள் மட்டும் ஒவ்வொரு வாரமும் கேட்பாள், கீழ் ரூம் எப்படிம்மா இருக்கு என்று. முதல் தடவை வாய் தவறி அப்படியே இருக்கு என்று வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. போர்வையைத் துவைத்துப் போட்டேன் என்றுகூட ஒரு தடவை சொன்னாள்.

மகளுக்கு வேலை கிடைத்ததென்னவோ உண்மைதான். என்ன வேலை என்று அம்மாவுக்கு இங்கே வந்துதான் விளங்கியது. விடுமுறை நாளிலும் மகள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதோ ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி.

"என்னடி இது, புள்ளி புள்ளியா?"

"சொத்தைப் பல்லும்மா."

"யாரோடது?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? பெரியவங்களா, குழந்தைங்களா?"

"குழந்தைங்க. இந்தப் பக்கம் அதிகம். அதை எழுதி மேல அனுப்பணும்."

"அனுப்பினா அவங்க வந்து அடைப்பாங்களா?"

மகள் இன்னொரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

அந்த வேலையும் முடியப்போகிறது என்பதுதான் இப்போதைய நிலவரம். படித்து முடித்தவர்கள் வேலை தேடிக்கொள்ள அரசாங்கம் கொடுக்கிற கெடு தீர்ந்துகொண்டிருந்தது. ஆபீசில் நிரந்தரம் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊரிலேயே தங்க வேண்டும் என்றால் இன்னொரு மேல்படிப்பில் சேர்ந்து மறுபடி மாணவியாக வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று ஒன்றில் இடம் வாங்கி வைத்திருந்தாள். சேர்கிறேன் என்று சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி முகம் பார்த்துப் பேசத்தான் அம்மாவை வரச் சொல்லியிருந்தாள். இன்னும் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி தாங்க முடியாமல் போயிற்று. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். மகள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தாள். உள்ளே சின்ன வாய்க்கண்ணாடியும் முனை வளைந்த கம்பியும் இருந்தன. பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, சாய்வதற்குத் தலையணை வைத்து, அம்மாவை உட்காரவைத்தாள்.

"கொஞ்சம் பெருசா. அவ்வளவுதான். மூக்கால மூச்சு விடு. நல்ல பொண்ணு."

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் அல்ல. வருஷக்கணக்காகக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்ட குரலை இப்போதுதான் கதவு இல்லாமல் கேட்கிறாள். கண்ணாடி ஈறைத் தொட்டது தெரியவில்லை. கன்னத்தை விலக்கிய விரல், ஒரு பூவைத் திருப்பிப் பார்ப்பதுபோல விலக்கியது. கம்பியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்து, இங்கயா, இங்கயா என்று கேட்டாள். ஓர் இடத்தில் உயிர் போனது. போன உயிர் போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது, ஏனென்றால் தட்டிய கை அந்த நொடியே விலகிவிட்டது.

கடைசிக்கு முந்தின பல், சொத்தை வேர்வரை போயிருக்கிறது, ஆனால் பிடுங்க வேண்டாம், காப்பாற்றிவிடலாம் என்றாள். இங்கே ஒரு டாக்டரிடம் நாளைக்கே காட்டிவிடுவோம் என்றாள். ஆனாலும் கண்ணாடியை எடுக்கவில்லை. பார்க்க வேண்டியது முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பல், அடுத்த பல், அதற்கடுத்தது. பழைய வீட்டுக்குள் போன ஆள் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பதுபோல.

"அம்மா, நான் அந்தக் கோர்ஸ்ல சேரலை," என்றாள் வாய்க்குள் பார்த்தபடியே. "ஊருக்கே வந்துடறேன். கீழ் ரூம் இருக்கு, சேர் இருக்கு, இன்னும் என்னம்மா வேணும்? நீ வெளிய உட்கார்ந்து பேர் கூப்பிடு. நான் உள்ள இருக்கேன்."

வாய் முழுக்க மகளின் விரலும் கண்ணாடியும் இருந்தன. ஆ என்று ஒரு சத்தம் வந்தது.

"சரிங்கறியா?"

ஆ.

மகள் குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். துப்பு என்றாள்.

அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் ஓர் அறை உண்டு. குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் பொது. அம்மா இரண்டு துண்டை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு அங்கே இறங்கிப்போய், இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் சந்தோஷப்பட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். வரட்டுமே, நல்லதுதானே என்றார். குட்டி டாக்டரிடம் பேசுவோம், இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கட்டும், இல்லையென்றால் வேறு இடம் தேடுவோம், அறை என்ன அறை, மகள் வந்தால் போதாதா என்றார். நடுவே, குட்டி டாக்டர் உன் பல்லுக்கு ஒரு மாத்திரை சொல்லியிருக்கிறாள், எழுதிக்கொள் என்றும் சொன்னார்.

"அறை போனா வேற அறைங்க," என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதா? ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? அவ திரும்பி வரவே மாட்டான்னு முடிவு கட்டி, அவ நாற்காலியைத் தூக்கிக் காயலான் கடையில போட்டுட்டு, போர்வையைத் துவைச்சுப் போட்டேன்னு சொல்லியிருக்கேன். அதை எந்த வாயால சொல்லுவேன்?"

நான் வேண்டுமானால் சொல்கிறேன் என்றார் அவர். வேண்டாம், நானே முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். துண்டுகள் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன. இன்னும் சுத்தமாயின.

படியேறும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டாள். கண்ணு, ஒரு தப்பு நடந்துபோச்சு. இல்லை, தப்பு நடக்கவில்லை, நான்தான் செய்தேன், அப்படித்தான் சொல்ல வேண்டும். கண்ணு, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.

மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தாள். கீழ் அறைச் சுவருக்கு இந்தத் தடவை இளம்பச்சை அடிக்கலாம், வெள்ளையைப் பார்த்தாலே பிள்ளைகள் ஆஸ்பத்திரி என்று மிரள்கிறார்கள் என்றாள். நாற்காலியின் தலை வைக்கிற இடத்தில் உறை கிழிந்திருந்தது, நினைவிருக்கிறதா, அதை மட்டும் மாற்றினால் போதும் என்றாள். குட்டி டாக்டர் இப்போது எங்கே இருக்கிறாள், அவளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம், கை சுத்தமான பெண் என்றாள்.

"ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட," என்றாள் அம்மா.

"சொல்லு."

திரும்பிப் பார்த்தாள். வெங்காயத்தால் கலங்கிய கண்ணும், அதற்கு மேல் சிரிப்புமாக ஒரு முகம். கிளினிக் திறந்த அன்றைக்கு இருந்த முகம். அம்மா படியில் அடுக்கிய வார்த்தைகள் எங்கேயோ சரிந்து விழுந்தன. வாயில் வந்தது வேறு.

"பாதியில எழுந்து வந்தா நாலு பேர் என்ன கேப்பாங்கன்னு யோசிச்சியா?"

சிரிப்பு உடனே போகவில்லை. அம்மா விளையாடுகிறாள் என்று கொஞ்ச நேரம் நின்றது.

"யாரு அந்த நாலு பேர்? கல்யாண வீட்டு ஆளுங்களா?"

இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். அம்மாவால் நிறுத்த முடியவில்லை. ஒரு வார்த்தை அடுத்த வார்த்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தான், இன்னொரு படிப்பு முடித்தால் நிரந்தரமாகிவிடும், எத்தனை பேர் இந்த இடத்துக்கு ஏங்குகிறார்கள், இத்தனை வருஷம் பட்டது வீணா என்றாள். வீணாகத்தானே போயிற்று, அதைத்தானே சொல்கிறேன் என்றாள் மகள். புள்ளி வைக்கவா பல் வைத்தியம் படித்தேன் என்றாள். உனக்காகத்தான் வந்தேன், உனக்காகத்தான் படித்தேன், எனக்காக ஒன்று கேட்கிறேன், அதுகூடக் கூடாதா என்றாள். அவள் குரல் உயரவில்லை. அதனால் அம்மாவின் குரல் உயர்ந்தது.

"கை மறந்துபோயிருக்கும்டி உனக்கு. எத்தனை வருஷமாச்சு கருவியைத் தொட்டு. யார் வாயிலயாவது கையை வெச்சு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா? வலிக்காத டாக்டர்னு வந்தவங்க என்ன சொல்லுவாங்க?"

பொய். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அன்று காலையில்தான் அந்தக் கை அவள் வாய்க்குள் இருந்தது. உலகத்தில் அந்தக் கை எதையும் மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஒருத்தி இருந்தாள் என்றால் அது அவள்தான். அந்தச் சாட்சியே இப்படிச் சொன்னாள்.

மகள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல்களை ஒரு தடவை மடக்கி விரித்தாள். பிறகு கத்தியைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள். சரி என்றாள். சாப்பிடும்போது, மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அம்மா எழுந்தபோது மகள் குளித்து, தலை வாரி, மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இங்க வாம்மா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். திரையில் ஒரு நீலக் கட்டம் இருந்தது. சேர்கிறேன் என்று அர்த்தம், இதைத் தொட்டால் முடிந்தது, பின்னால் மாற்ற முடியாது என்று விளக்கினாள். அம்மா ஏதாவது சொல்வாளா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள் போலிருந்தது. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று அம்மாவின் உள்ளே ஒருத்தி அடித்துக்கொண்டாள். வெளியே நின்றவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மகள் விரலை வைத்தாள். "சேர்ந்தாச்சு" என்றாள்.

கைபேசி அடித்தது. அவர்தான். சொல்லிவிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார். அம்மா அதை அடிக்கவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்ததால் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். எதிர்க்காற்று. மகள் தன் கழுத்துத் துணியைக் கழற்றி அம்மாவின் வீங்கிய கன்னத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டாள். முடிச்சு எங்கும் உறுத்தவில்லை. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. இந்தப் படிப்பில் பல்லே வராது, கட்டிலும் மருந்தும் ஆள் கணக்கும்தான் என்று மகள் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். ஒரு வண்டி வந்தது. அது அவர்களுடையது இல்லை. நிற்காமல் போயிற்று.

மகள் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கோபம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரல்.

"ஊருக்கு வந்துடறேன்னு நேத்து நான் சொன்னப்போ உன் தாடை இறுகிச்சும்மா. என் விரல் உள்ள இருந்தது, எனக்குத் தெரியும். ஊசியைப் பார்த்தாதான் ஜனங்களுக்கு அப்படி இறுகும். நான்தான் ஊசியே காட்டலையே, நீ எதைப் பார்த்துப் பயந்த?"